காஸ்லான் ஆன்டிக்: வார்க்கப்பட்ட பழமை

காஸ்லான் ஆன்டிக் தலைப்புகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் மேலட்டைகளுக்கும் உரிய ரோமன் எழுத்துரு; செரிஃப் வகையைச் சேர்ந்தது. எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே நீளும் சிறு முனைக்கு அச்சுத்தொழிலில் செரிஃப் என்று பெயர். இந்த எழுத்துருவில் அம்முனைகள் மழுங்கியும் சிதைந்தும் காணப்படும். கோடுகளின் ஓரம் நேராக ஓடாது. ஓரிடத்தில் உப்பி, மற்றோரிடத்தில் தேய்ந்து, சில இடங்களில் சில்லுப் பெயர்ந்ததுபோல் இருக்கும். நூறாண்டு உழைத்த ஈய எழுத்தைக் கொண்டு நேற்று அச்சடித்த தாள் தரும் தோற்றத்தை இது தருகிறது.

அந்தத் தோற்றம் காலத்தால் வந்ததன்று. 1890களில் பெர்ன் நடால் என்பவர் வரைய, சிகாகோ நகரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்படச்சாலை இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது இதற்கு வைத்த பெயர் 'ஃபிஃப்டீன்த் செஞ்சுரி', அதாவது பதினைந்தாம் நூற்றாண்டு. அந்தப் பெயரில் இது பெரிதாக விலைபோகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் 'காஸ்லான் ஆன்டிக்' என்று பெயர் மாற்றிய பிறகே பரவலாகப் புழங்கத் தொடங்கியது. ஆங்கிலேய எழுத்து வார்ப்பாளர் வில்லியம் காஸ்லான் செதுக்கிய எழுத்துக்கும் இதற்கும் வடிவ உறவு ஏதுமில்லை. வணிகத்துக்காக ஒட்டிய பெயர் அது. எனினும் ஒரே எழுத்துரு ஒரு பெயரில் 15ஆம் நூற்றாண்டையும் மறுபெயரில் 18ஆம் நூற்றாண்டையும் குறிக்க முடிந்தது எப்படி என்பதை விளக்காமல் இதன் வரலாற்றைச் சொல்ல இயலாது.

கையச்சுக் காலத்தில் ஓர் எழுத்து உருவான முறையிலிருந்து தொடங்க வேண்டும். எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவல மாற்றமாகச் செதுக்குவார்கள், அது பஞ்ச். பஞ்சைச் செம்புத் துண்டில் அடித்துப் பள்ளமாக்கினால் அச்சுவார்ப்புக்கு உரிய மேட்ரிக்ஸ் கிடைக்கும். அதைக் கைவார்ப்பியில் பொருத்தி, ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றி, எழுத்தை ஒவ்வொன்றாக வார்ப்பார்கள். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிப் பஞ்ச் வேண்டும். ஆகவே ஒரே கையில் உருவான எழுத்தே என்றாலும் சிறிய அளவு ஒரு மாதிரியும் பெரிய அளவு இன்னொரு மாதிரியும் இருக்கும்.

அச்சடிக்கும் வேளையில் மேலும் மாறுதல் நேர்ந்தது. கையால் செய்த கனத்த தாளை முன்கூட்டியே நனைத்து வைப்பார்கள். தோலால் செய்த மைப்பந்தை உருட்டி எழுத்தின்மேல் மை ஒற்றுவார்கள். மரத்தாலான அச்சுப்பொறியின் திருகை இழுக்கும்போது எழுத்து ஈரத்தாளில் புதைந்து, மை ஓரங்களுக்குப் பிதுங்கும். தாளில் விழுந்த எழுத்து உலோக எழுத்தைவிடக் கொஞ்சம் தடித்திருக்கும், கூர்முனைகள் உருண்டிருக்கும், உட்கோணங்கள் மையால் நிரம்பியிருக்கும். அச்சு முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, மறுபடி பெட்டியின் அறைகளில் போட்டு அடுத்த வேலைக்கு எடுப்பார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் புழங்கிய எழுத்து தேயும். கீழே விழுந்தது முனை உடையும். புதிதாக வார்த்ததும் பழையதும் ஒரே வரியில் கலந்து நிற்கும்.

இவை எல்லாவற்றையும் அக்கால அச்சாளர் குறையாகவே கருதினர். வெனிஸ் நகரில் 1470இல் நிக்கோலா ஜென்சன் வெளியிட்ட ரோமன் எழுத்து, அக்காலத்து மனிதநேய அறிஞர்களின் தெளிந்த கையெழுத்துக்கு ஈடாக நிற்க விரும்பியது. கரடுமுரடான ஓரம் அவர் நோக்கமாக இருந்ததில்லை. பழைய எழுத்தின் 'பழமை' என்று பிற்காலம் ரசித்தவற்றில் பெரும்பகுதி, பழைய எழுத்துச் செதுக்குநர் தவிர்க்க விரும்பியும் தவிர்க்க முடியாமல் போனவை.

வில்லியம் காஸ்லானின் எழுத்துக்கும் இதுவே பொருந்தும். 1692இல் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தின் கிராட்லி என்ற ஊரில் பிறந்த அவர், இலண்டனில் துப்பாக்கிகளின் விசைத்தகடுகளில் சித்திரம் பொறிக்கும் வேலை செய்தவர். நூல் கட்டுவோருக்கு வேண்டிய முத்திரை எழுத்துகளையும் செதுக்கினார். அவர் கைத்திறனைக் கண்ட வில்லியம் பௌயர் முதலிய அச்சகத்தார் பொருளுதவி செய்து வார்ப்படச்சாலை தொடங்க வைத்தனர். கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் என்ற எஸ்.பி.சி.கே. அமைப்பு, கீழைத் திருச்சபைகளுக்கு அனுப்பவிருந்த நூல்களுக்காக அவரிடம் அரபு எழுத்தைச் செய்யச் சொன்னது.  

அதுவரை இங்கிலாந்தின் அச்சகங்கள் பெரும்பாலும் டச்சு எழுத்துகளை நம்பியிருந்தன. 1734இல் காஸ்லான் தம் மாதிரித் தாளை வெளியிட்டபின் அந்த நிலை மாறியது. அவருடைய எழுத்துகள் தனித்தனியாகப் பார்த்தால் அப்படியொன்றும் அழகானவையல்ல. பெரிய 'ஏ'யின் உச்சி இடப்புறம் குடைந்ததுபோல் இருக்கும். பெரிய 'சி'க்கு மேலும் கீழும் செரிஃப் உண்டு. அளவுக்கு அளவு விகிதம் மாறும். ஆனால் ஒரு பக்கம் நிறைய அடுக்கினால் கண்ணை உறுத்தாமல் படிக்கலாம். ஐயம் வந்தால் காஸ்லானை எடு என்று ஆங்கில அச்சுத்தொழிலாளரிடையே ஒரு வழக்கே ஏற்பட்டது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த எழுத்து பெற்ற இடமே நம் பொருளுக்கு முக்கியம். பெஞ்சமின் பிராங்க்ளின் காஸ்லான் எழுத்தை விரும்பி வரவழைத்தார். 1776 ஜூலை 4 இரவு பிலடெல்பியாவில் ஜான் டன்லப் அச்சிட்ட விடுதலைப் பிரகடனத்தின் முதல் துண்டுத்தாளும் காஸ்லான் எழுத்தில் கோத்ததே. அங்கே நிலைத்து நின்ற எழுத்து வார்ப்படச்சாலை, பின்னி அண்ட் ரொனால்ட்சன், 1796இல்தான் பிலடெல்பியாவில் வந்தது. அதற்கு முன் ஆங்கில எழுத்து பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டியிருந்தது, விலையும் அதிகம். குடியேற்ற அச்சகங்கள் தேய்ந்த எழுத்தைத் தூக்கி எறியாமல் இயன்றவரை ஓட்டின. அதனால் அமெரிக்கர் நினைவில் விடுதலைக் காலத்து அச்சு என்றால் காஸ்லான், அதுவும் சில்லுப்போன காஸ்லான் என்று பதிந்துவிட்டது. ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழோடு ஓர் எழுத்து இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டது அரிது.

இதற்கிடையே ஐரோப்பாவில் ருசி மாறியது. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வெளியிட்ட வெர்ஜில் பதிப்பு வழவழப்பான தாளும் அடர்ந்த கறுப்பு மையும் கூர்மையான எழுத்துமாக வந்தது. பார்மாவில் பொதோனியும் பாரிசில் தீதோ குடும்பத்தாரும் மயிரிழை போன்ற மெல்லிய கோட்டையும் பருத்த கோட்டையும் எதிரெதிரே நிறுத்தினர். 1800 வாக்கில் காஸ்லான் எழுத்து நாகரிகம் இழந்தது.

தலைப்புக்கென்றே தனி எழுத்து என்ற எண்ணமும் அதன்பின் வந்ததே. அதற்கு முன் முகப்புப் பக்கத்துக்குப் புத்தக எழுத்தின் பெரிய அளவையே பயன்படுத்தினர். தொழிற்புரட்சியோடு வந்த சரக்கு விளம்பரம், நாடக அறிவிப்பு, குலுக்குச்சீட்டு ஆகியவற்றின் சுவரொட்டிகள் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டியிருந்தது. இலண்டன் வார்ப்பாளர்கள் கொழுத்த எழுத்து, கட்டைச் செரிஃப் எழுத்து என்று அடுத்தடுத்து இறக்கினர். 1816இல் செரிஃபே இல்லாத முதல் அச்செழுத்தை மாதிரி ஏட்டில் காட்டியவர் நான்காம் வில்லியம் காஸ்லான் என்பது வரலாற்றின் வேடிக்கை. பழமையின் அடையாளமாகிவிட்ட குடும்பப் பெயர், புதுமையின் அடையாளமாகிவிட்ட எழுத்துவகைக்கும் தொடக்கம் தந்திருக்கிறது.

ஒதுக்கிவைத்த எழுத்து திரும்பி வந்தபோது அதன் வேலையே மாறியிருந்தது. 1844இல் லாங்மன் பதிப்பகம் வெளியிட்ட 'லேடி வில்லபி நாட்குறிப்பு' என்ற நூலை சிஸ்விக் அச்சகம் பழைய காஸ்லான் எழுத்தில் அச்சிட்டது. 17ஆம் நூற்றாண்டுப் பெண்மணி எழுதியதுபோல் ஹன்னா மேரி ராத்போன் புனைந்த நூல் அது. எழுத்தும் அமைப்பும் பழையவையாக இருந்ததால் உண்மையான நாட்குறிப்பு என்று நம்பியவர்களும் இருந்தனர். கதை நடந்த காலத்தில் காஸ்லான் பிறக்கவே இல்லை என்பது யாரையும் தடுக்கவில்லை. முன்பு படிப்பதற்காக இருந்த எழுத்து இங்கே வேடம் புனையும் உடையாயிற்று. காஸ்லான் ஆன்டிக்கின் உண்மையான முன்னோடி ஜென்சனுமல்ல, முதல் காஸ்லானுமல்ல; இந்தப் புனைவு நூல்தான் என்று சொல்லலாம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து அது ஒரு பாணியாகவே வளர்ந்தது. இலண்டனில் ஆண்ட்ரூ டூயரின் லெடன்ஹால் அச்சகம், தெருவில் விற்ற பழைய சிறு கதைநூல்களின் முரட்டு மரக்கட்டைப் படங்களையும் கோணல் எழுத்தையும் 1880களில் விரும்பிப் போலச்செய்தது. அதற்கு நேர்மாறான நோக்கத்தோடு வந்தவர் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ். 1888 நவம்பரில் எமரி வாக்கர் ஒரு சொற்பொழிவில் பழைய அச்சுப் பக்கங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அதைக் கண்ட மாரிஸ், ஜென்சன் 1476இல் அச்சிட்ட பிளினி நூலின் பக்கங்களைப் புகைப்படத்தில் பெரிதாக்கி, அதன்மேல் வரைந்து வரைந்து தம் எழுத்தை உருவாக்கினார். பஞ்சுகளைச் செதுக்கியவர் எட்வர்ட் பிரின்ஸ். 'கோல்டன்' என்று பெயர் பெற்ற அந்த எழுத்தில் அவருடைய கெல்ம்ஸ்காட் அச்சகம் 1891இல் தன் முதல் நூலை வெளியிட்டது. மாரிஸ் விரும்பியது கனமும் கறுப்பும் நிறைந்த பக்கம்; உடைசலை அவர் தேடவில்லை. என்றாலும் பெரிதாக்கிய புகைப்படத்தில் அவர் கண்டது ஜென்சனின் பஞ்சை அன்று, மை பிதுங்கிய அச்சை. அந்தத் தடிப்பு அவர் எழுத்திலும் ஏறிவிட்டது.

அமெரிக்க வார்ப்படச்சாலைகள் இந்தப் பழமைப் பாணியை விடவில்லை. அந்த ஆண்டுகளில் அவற்றுக்குப் பெரிய நெருக்கடி. 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் இயங்கத் தொடங்கிய லைனோடைப் பொறி, செய்தித்தாளின் உடலெழுத்தை வரிவரியாகத் தானே வார்த்துக்கொண்டது. உடலெழுத்து விற்பனை சரியச் சரிய, தலைப்பெழுத்தே வார்ப்படச்சாலைகளுக்குப் பிழைப்பாயிற்று. 1892இல் இருபதுக்கு மேற்பட்ட சாலைகள் இணைந்து அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற கூட்டு நிறுவனமாயின. மாரிஸ் எழுத்தைப் பார்த்து அந்நிறுவனம் 1893இல் 'ஜென்சன் ஓல்ட் ஸ்டைல்' என்ற எழுத்தைக் கொணர்ந்தது. மாரிஸ் தம் சிறிய அச்சகத்தின் நூல்களுக்கென்றே செய்த எழுத்து, அமெரிக்காவில் சோப்பு விளம்பரத்துக்கும் உணவு விடுதியின் பட்டியலுக்கும் போயிற்று.

கூட்டில் அப்போது சேராமல் வெளியே நின்று போட்டியிட்ட சாலை சிகாகோவின் பார்ன்ஹார்ட். 1911இல் கூட்டு நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. அதன் பின்னும் பல ஆண்டுகள் அதே பெயரில் இயங்கியது. 'ஃபிஃப்டீன்த் செஞ்சுரி' பிறந்தது இந்தப் போட்டியில்தான். மாரிஸின் மோகம் பரவிய வேளையில் 15ஆம் நூற்றாண்டு என்ற பெயருக்குக் கவர்ச்சி இருந்திருக்க வேண்டும். ஆனால் வடிவத்தில் மாரிஸின் கனமோ கறுப்போ இல்லை. இது மெலிந்த எழுத்து. நடால் வேறொரு வழியில் போனார். பழைய எழுத்தின் எலும்பை விட்டுவிட்டு, பழைய அச்சின் காயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மை பிதுங்கிய வீக்கம், தேய்ந்த முனை, பெயர்ந்த சில்லு எல்லாவற்றையும் வரைபடத்திலேயே வைத்து வார்ப்புக்கு அனுப்பினார். அதுவரை அச்சகத்தில் விபத்தாக நேர்ந்தது இனி வார்ப்படச்சாலையிலிருந்தே சரக்காக வந்தது. பெரிதாக வரைந்த வடிவத்தைப் பொறியால் சுருக்கிச் செதுக்கும் பேன்டோகிராஃப் முறை லின் பாய்ட் பெண்டனின் கருவியால் 1885 முதல் பரவியிருந்தது. ஒரு கோட்டின் நடுக்கத்தைக்கூட மாறாமல் வார்ப்புக்குக் கொண்டுபோகும் தொழில்நுட்பம் அந்தக் காலத்துக்கு வாய்த்திருந்தது.

பெயர் மாற்றம் ஏன் பலித்தது என்பதற்கும் விடை அதே காலத்தில் இருக்கிறது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்குப் பின் குடியேற்றக் காலத்து வீடு, நாற்காலி, பாத்திரம் எல்லாவற்றிலும் அமெரிக்கருக்குப் பற்று பெருகியது. அச்சில் அதை எடுத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் வில் பிராட்லி. சிகாகோவில் ஓவியராகப் பெயர்பெற்ற அவர், 1895இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வேசைடு அச்சகத்தைத் தொடங்கி, பழைய நியூ இங்கிலாந்து அச்சுத்தாள்களைப் பார்த்து காஸ்லானைத் தலைப்புகளில் துணிச்சலாகக் கையாண்டார். காஸ்லான் மறுபடி நாடெங்கும் விலைபோனது. அந்நிலையில் ஏற்கெனவே கையிலிருந்த உடைசல் எழுத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது கெட்டிக்கார வணிகம். நேர்மையான வணிகம் என்று சொல்ல முடியாது. விடுதலைப் பிரகடனத்தின் எழுத்து இதுதான் என்று இன்றும் பலர் நம்புவதற்கு அந்தப் பெயரே காரணம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு எளிதில் புலப்படும். அசல் காஸ்லானில் எழுத்துக்கு எழுத்து விகிதம் மாறினாலும் கோடு உறுதியானது. செதுக்கியவர் கை நடுங்கவில்லை. காஸ்லான் ஆன்டிக்கில் நடுக்கமே அலங்காரம். இன்னொரு வேறுபாடு நுட்பமானது. உண்மையில் தேய்ந்த எழுத்தில் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு விதமாகத் தேயும். ஒரே சொல்லில் வரும் இரண்டு 'ஈ' எழுத்துகளில் ஒன்று முனை உடைந்திருக்கும், மற்றது முழுதாக இருக்கும். வரைந்து வார்த்த எழுத்தில் எல்லா 'ஈ'யும் ஒரே மேட்ரிக்ஸிலிருந்து வருவதால் எல்லாவற்றுக்கும் அதே இடத்தில் அதே காயம். அப்படி வார்த்த ஈய எழுத்துக்கு உள்ள இந்தக் குறை கணினி எழுத்துருவிலும் தொடர்கிறது. இரட்டை எழுத்து வரும் சொல்லைப் பெரிய அளவில் அடித்தால் பொய் உடனே வெளிப்படும். பிற்கால வடிவமைப்பாளர் சிலர் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களைச் செய்து, அடுத்தடுத்து வரும்போது தாமாக மாறும்படி ஓப்பன்டைப் வசதியால் அமைத்து இதைச் சமாளிக்கின்றனர்.

இந்த எழுத்துருவின் மிகப் புகழ்பெற்ற பயன்பாடு 1985இல் இலண்டனில் மேடையேறிய 'லே மிசராப்ல' இசை நாடகத்தின் முகப்பு. எமில் பயார் வரைந்த சிறுமி கோசெத்தின் படத்தோடு காஸ்லான் ஆன்டிக்கில் நாடகப் பெயர். விக்தோர் உய்கோவின் நாவல் 1862இல் வந்தது; கதை 1815இலிருந்து 1830களின் தொடக்கம் வரை நடக்கிறது. அந்தக் கால பாரிசின் அச்சில் தீதோ மரபின் கூரிய எழுத்தே ஆட்சி செய்தது. வரலாற்றுக் கணக்கில் பார்த்தால் அமெரிக்கக் குடியேற்ற வேடம் பூண்ட சிகாகோ எழுத்துக்குப் பிரெஞ்சுத் தடுப்பரணில் வேலையே இல்லை. ஆனாலும் தேர்வு பிழையென்று சொல்ல முடியவில்லை. கிழிந்த உடையும் வறுமையும் கலகமும் பேசும் நாடகத்துக்குத் தீதோவின் மிடுக்கு ஒட்டாது. சிதைந்த ஓரமுள்ள எழுத்து ஒட்டுகிறது. பார்வையாளர் எழுத்திலிருந்து ஆண்டைப் படிப்பதில்லை, மனநிலையைப் படிக்கின்றனர்.

பயன்படுத்தும் முறை இந்த இயல்பிலிருந்தே வருகிறது. 24 பாயிண்டுக்குக் கீழே இறங்கினால் ஓரங்களின் உடைசல் உடைசலாகத் தெரியாது. மோசமான அச்சாகத் தெரியும். ரோமனும் சாய்வும் உண்டு. விரிந்த குடும்பம் இல்லை. ஆதலால் இதையே வைத்து ஒரு நூலின் தலைப்பு, துணைத்தலைப்பு, உடலெழுத்து எல்லாவற்றையும் கட்ட முயல்வது வீண். முழுதும் பெரிய எழுத்தில் அமைக்கும்போது இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் முனைகள் ஒன்றோடொன்று சிக்காமல் நிற்கும். பின்னணியில் தாள் மடிப்பு, கறை, எரிந்த ஓரம் ஆகியவற்றையும் சேர்ப்பது பலருடைய பழக்கம். அது கூடாது, எழுத்தே அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

உண்மையான பழைய எழுத்து வேண்டுவோருக்கு இன்று வேறு வழிகள் உள்ளன. கரோல் ட்வாம்பிளி 1990இல் அடோபி நிறுவனத்துக்காகச் செய்த காஸ்லான், படிப்பதற்கான உடலெழுத்து. ஜஸ்டின் ஹௌஸ் 1998இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வழியே வெளியிட்ட 'ஃபவுண்டர்ஸ் காஸ்லான்', பழைய அச்சின் தடிப்பை மறைக்காமல் ஒவ்வோர் அளவையும் தனித்தனியே காட்டியது. ஆக்ஸ்போர்டு ஆயர் ஜான் ஃபெல் 17ஆம் நூற்றாண்டில் தொகுத்த எழுத்துகளை இத்தாலியரான இஜினோ மரினி அச்சுப்பக்கங்களிலிருந்து எடுத்து இலவசமாகவே தந்திருக்கிறார். அவற்றிலும் ஓரம் கரடுமுரடுதான், ஆனால் அது அச்சில் உண்மையாக நேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டு ஆவணமொன்றை மறுபதிப்புச் செய்பவர் இவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். காஸ்லான் ஆன்டிக் அங்கே வெறும் பிழை. மூன்று நான்கு சொற்கள் மட்டும் உள்ள சுவரொட்டிக்கும் மேலட்டைக்கும் அது இன்னும் நல்ல சரக்கு.